மூன்று படங்கள், ஒரு சுவர்: கேன்வாஸ் பிரிண்ட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டுச் சுவருக்காக மூன்று ஃபோட்டோக்களைக் கேன்வாஸ் துணியில் பிரிண்ட் செய்து வாங்கிய ஒரு குடும்பம், பிரித்துப் பார்த்த கையோடு மூன்றையும் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டது. படம் ஏன் நன்றாக வரவில்லை என்று அச்சடித்துக் கொடுத்தவர்களிடம் கேட்டதற்கு, "நீங்க அனுப்பின ஃபைல் அப்படித்தான் இருந்தது" என்று பதில் வந்திருக்கிறது. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. "ஃபோன்ல பாருங்க சார், பளிச்சுன்னு இருக்கு" என்று என்னிடம் ஃபோனை நீட்டினார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

அச்சுக்குப் போகும் படங்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. மூன்று கேன்வாஸ்களும், அவற்றுக்காக ஏற்றப்பட்ட ஃபைல்களும், ஃபோனில் இருந்த மூலப் படங்களும் என் மேசைக்கு வந்தன. மூன்றிலும் கோளாறு வேறு வேறு. அச்சு இயந்திரத்தின் தவறு என்று சொல்லக்கூடியது எதிலும் இல்லை. ஏறக்குறைய எல்லாமே அச்சுக்கு அனுப்பும் முன்பே முடிவாகிவிட்ட விஷயங்கள்.

கடற்கரைப் படம்

வரவேற்பறை சோஃபாவுக்கு மேலே மாட்ட நினைத்த படம் இது. குழந்தை ஈர மணலில் ஓடுகிறது, பின்னால் பெரிய வானம். 36-க்கு 24 அங்குலத்தில் கேட்டிருந்தார்கள். வந்ததில் வானம் திட்டுத் திட்டாக இருந்தது. குழந்தையின் பாதங்கள் முன்பக்கத்தில் இல்லை, கேன்வாஸின் கீழ் ஓரத்தில் மடிந்து போயிருந்தன. போதாக்குறைக்கு, சோஃபாவுக்கு மேலே வைத்துப் பார்த்தால் படம் சின்னதாகத் தெரிந்ததாம்.

ஏற்றிய ஃபைலைத் திறந்தேன்: 1600-க்கு 1200 பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள்). ஃபோனில் இருந்த மூலமோ 4032-க்கு 3024. கணவர் எடுத்த படத்தை மனைவிக்கு மெசேஜ் செயலியில் அனுப்பியிருக்கிறார், மனைவி தன் ஃபோனில் சேமித்ததை அச்சுக்கு ஏற்றியிருக்கிறார். இப்படிப்பட்ட செயலிகள் பலவும் வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். இங்கே மிஞ்சியது மூலத்தின் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான பிக்சல். அதே படத்தை டாக்குமென்ட்டாகவோ கிளவுட் இணைப்பாகவோ அனுப்பியிருந்தால் அப்படியே போயிருக்கும்.

"சரி, பிக்சல் குறைவு, அதனால் படம் கெட்டுப்போச்சு" என்று இங்கேயே முடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி உண்மைதான்.

நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்கும். அதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எடுத்துக்கொண்டு, 3438-ஐ அதனால் வகுத்தால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் இருந்தால் போதும் என்று தெரியும். கையில் பிடித்து 30 சென்டிமீட்டரில் பார்க்கும் படத்துக்கு 290 அளவில் வேண்டும். எல்லோரும் சொல்லும் "300 இருக்கணும்" என்ற விதி அந்தத் தூரத்துக்கானது. 1 மீட்டரில் 87 போதும். இந்த வீட்டில் எதிர் இருக்கை சுமார் 2.5 மீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து பார்க்க 35 போதும். சுருங்கிய ஃபைல்கூட ஓரமடிப்பு சேர்த்து அங்குலத்துக்கு 40 பிக்சல் கொடுத்தது. ஆக, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இந்த எண்ணிக்கை ஒன்றும் மோசமில்லை.

வானத்தைக் கெடுத்தது, ஃபைலைச் சிறிதாக்கச் செயலி செய்த சுருக்கம். ஃபோட்டோ ஃபைல்களைச் சுருக்கும் ஜேபெக் (JPEG) முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்விவரங்களைக் கழித்துக் கட்டிச் சுருக்குகிறது. செயலி இதைக் கொஞ்சம் கடுமையாகவே செய்கிறது. ஃபோன் திரையில் அந்தக் கட்டம் கண்ணுக்கே படாது. அங்குலத்துக்கு 40 பிக்சலில் அச்சடித்தால் ஒவ்வொரு கட்டமும் 5 மில்லிமீட்டர் சதுரம். மணல், அலை, முடி போன்ற இடங்களில் அது கலந்துவிடும். ஒரே சீரான நீல வானத்தில் ஒளிய இடமில்லை. 2.5 மீட்டரிலிருந்தும் திட்டு தெரிகிறது. இதனால்தான் சின்ன ஃபைலில் பூச்செடி தப்பிக்கும், வானமும் வெற்றுச் சுவரும் மாட்டிக்கொள்ளும்.

பாதங்கள் போனது வேறு கதை. கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது படம் ஓரங்களில் மடிந்து பின்னால் போகிறது. இவர்கள் வாங்கியது ஒன்றரை அங்குலப் பருமனுள்ள சட்டம். ஓரத்துக்கு ஒன்றரை, பின்னால் ஸ்டேப்பிள் அடிக்க அரை என்று பக்கத்துக்கு 2 அங்குலம் வேண்டும். அதாவது 36-க்கு 24 படத்துக்கு 40-க்கு 28 அங்குலம் அச்சடிக்க வேண்டும். ஃபோன் படம் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கிறது, கேன்வாஸோ மூன்றுக்கு இரண்டு. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முன்பக்கத்திலிருந்து போய்விடுகிறது: மேலே பத்து சதவீதம், கீழே பத்து சதவீதம். குழந்தையின் பாதம் படத்தின் கீழ் விளிம்புக்கு வெகு அருகில் இருந்தது. ஏற்றும் பக்கத்தில் ஒரு முன்னோட்டம் காட்டியிருக்கிறார்கள், அதில் ஓரம் எங்கே மடியும் என்று ஒரு புள்ளிக்கோடும் இருந்ததாம். யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கோட்டை அவ்வளவு மெல்லிசாகப் போட்டால் யார் கவனிப்பார்கள் என்பது என் கேள்வி.

மறுபடி செய்தபோது படத்தைச் சின்னதாக்கவில்லை, பெரிதாக்கினோம். குடும்பத்துக்கு இதுதான் ஆச்சரியம். சோஃபா 72 அங்குல அகலம். அதற்கு மேலே வரும் படம் அதன் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்பது உள்ளலங்காரத்தில் பலரும் பின்பற்றும் அளவு. அப்படியானால் 48 அங்குலம். மூல ஃபைலின் விகிதத்தையே வைத்துக்கொண்டு 48-க்கு 36 என்று எடுத்தோம், எனவே வெட்டவே வேண்டியதில்லை. ஓரத்துக்குப் படத்தை மடிக்காமல், விளிம்பில் இருக்கும் மணலையும் வானத்தையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஓட்டினோம். முழுப்படமும் முன்பக்கத்தில் நின்றது, பாதங்கள் உட்பட. அங்குலத்துக்கு 84 பிக்சல் வந்தது. சோஃபாவைச் சுற்றி வந்து 1 மீட்டர் பக்கத்தில் நின்று பார்த்தாலும் கிட்டத்தட்டப் போதுமானது.

பிம்ப ஓரம் எல்லாப் படத்துக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளிம்பில் ஒரு முகமோ கையோ இருந்தால் ஓரத்தில் இரண்டாவது மூக்கு முளைக்கும். அப்படிப்பட்ட படத்துக்கு ஒற்றை நிற ஓரம் நல்லது.

உறவினர் கூட்டம்

இரண்டாவது, இருபது பேருக்கு மேல் நிற்கும் குடும்பப் படம். மாலை நேரத்தில் அறைக்குள், குழல் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது. 30-க்கு 20 அங்குலம், அறைகளுக்கு நடுவே உள்ள குறுகலான வழியில் மாட்டுவதற்கு. ஃபைல் இந்த முறை மூலம்தான், பிக்சலில் குறையில்லை. ஆனால் பின்வரிசையில் நிற்பவர்களை அடையாளம் தெரியவில்லை, படம் முழுக்க ஒரு மங்கல், நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பு.

இருட்டாக வந்ததற்குக் காரணம் திரை. ஃபோன் திரை தானே ஒளிர்கிறது, கேன்வாஸ் அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. அச்சுக்குப் படம் பார்க்கிறவர்கள் தங்கள் கணினித் திரையைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) அளவுக்குக் குறைத்து வைத்துக்கொள்வார்கள். ஃபோன் திரை அதைப்போலப் பல மடங்கு பிரகாசமாக எரியக்கூடியது. அதில் பார்த்து "சரியாக இருக்கு" என்று முடிவு செய்த படம் தாளிலோ துணியிலோ ஒரு படி இருட்டாகத்தான் வரும். மேட் (பளபளப்பில்லாத) கேன்வாஸில் கறுப்பும் அவ்வளவு ஆழமாக வராது, எனவே நிழலுக்குள் இருக்கும் வேறுபாடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். வீட்டில் செய்யக்கூடியது எளிது: எந்த அறையில் மாட்டப் போகிறோமோ அங்கே நின்று, தானியங்கி வெளிச்சத்தையும் இரவு நேர மஞ்சள் சாயலையும் அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் நிழலில் இருக்கும் முகம் தெரிகிறதா? தெரிந்தால் அச்சிலும் தெரிய வாய்ப்பு உண்டு.

முகங்கள் கரைந்ததற்குக் காரணம் துணி. அந்த வழியில் நடப்பவர்கள் படத்தை 65 சென்டிமீட்டர் தூரத்தில்தான் பார்க்க முடியும். அங்கே அங்குலத்துக்கு 134 பிக்சல் தேவை, இந்தப் படத்தில் சரியாக அந்த அளவுதான் இருந்தது. இருக்கும் விவரம் அத்தனையும் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஈடுகட்டும் என்ற நிலை. ஆனால் கேன்வாஸின் நெசவுக்கு என்று ஒரு மேடுபள்ளம் இருக்கிறது. பின்வரிசை முகம் ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு, கண் ஒன்று சில மில்லிமீட்டர். நூலும் கண்ணின் நுண்விவரமும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து மோதும்போது நூல்தான் ஜெயிக்கும். போதாததற்கு, குறைந்த வெளிச்சத்தில் ஃபோன் புள்ளிகளை நீக்குகிறேன் என்று தோலையும் முடியையும் ஏற்கெனவே மெழுகியிருந்தது.

இந்தப் படத்துக்கு என் தீர்ப்பு: கேன்வாஸ் வேண்டாம். வீட்டு அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கூட்டப் படத்தை யாரும் தூரத்தில் நின்று ரசிப்பதில்லை. கிட்டே போய் விரல் வைத்து "இது யாரு, இது யாரு" என்று கேட்பதற்குத்தான் அது இருக்கிறது. 18-க்கு 12 அங்குலத்தில், வழவழப்பான ஃபோட்டோ தாளில், நிழல்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அச்சடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டோம். அங்குலத்துக்கு 224 பிக்சல். பின்வரிசை தெரிந்தது. அளவு குறைந்ததைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே வரவில்லை.

ஆல்பத்திலிருந்து வந்த முகம்

மூன்றாவது படம்தான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. 1980களில் எடுத்த ஒரு வண்ணப் படம், மூன்றரைக்கு ஐந்து அங்குலத் தாள். மனைவியின் அம்மா, இளம் வயதில். அவர் இப்போது இல்லை. மகள், அதாவது இந்த வீட்டு மனைவி, அதை ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே வைத்து ஃபோனில் படம் எடுத்து, ஒரு ஏஐ செயலியில் "தெளிவாக்கி", 24-க்கு 16 அங்குலத்தில் அச்சுக்குக் கொடுத்திருந்தார். வந்த கேன்வாஸ் தொழில்நுட்பரீதியாக மூன்றிலும் நன்றாக இருந்தது. கூர்மை, நிறம், எல்லாம் உண்டு. மகளின் அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரும்மா இது?" என்று கேட்டாராம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பழைய தாளைப் பிளாஸ்டிக் வழியாகக் கைபேசியில் எடுத்தபோது கண்ணின் விவரம் சில பிக்சல்களாகக் குறைந்துவிட்டது. பெரிதாக்கும் மென்பொருளிடம் அந்தச் சில பிக்சல்கள் மட்டும்தான் இருக்கின்றன. மற்றதை அது லட்சக்கணக்கான மற்ற முகங்களிலிருந்து கற்றதை வைத்து நிரப்புகிறது. வரும் கண் ஒரு சராசரிக் கண். பற்கள் வரிசையாகின்றன, இமை சமமாகிறது, கன்னத்தில் இருந்த சின்னக் குழி காணாமல் போகிறது. அந்நியர் பார்த்தால் அழகான படம். அவரோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர் ஏமாற மாட்டார். கட்டடம், மரம், மணல் போன்றவற்றுக்கு இந்த மென்பொருளை நானும் பயன்படுத்துகிறேன். தெரிந்த முகத்துக்கு, அதிலும் இனிமேல் படம் எடுக்க முடியாத முகத்துக்கு, தொட மாட்டேன்.

மூலத்தாளை ஆல்பத்திலிருந்து எடுத்து, தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தோம். 2100-க்கு 3000 பிக்சல் கிடைத்தது. சாதாரணப் பழைய பிரிண்டில் உண்மையான விவரம் 300 டிபிஐ அளவோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். 600 வைத்தது பழுது பார்க்க இடம் வேண்டும் என்பதற்காக.

அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் பட்டுபோன்ற ஒரு மேற்பரப்பு உண்டு, ஒழுங்கான சிறு மேடுபள்ளங்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் பதிந்து, முகம் முழுக்கப் புள்ளி வலை விரித்த மாதிரி வரும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு, தாளை 180 டிகிரி திருப்பி வைத்து மறுமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதலாவதன் மேல் துல்லியமாகப் பொருத்தி, இரண்டின் சராசரியை எடுத்தால், எதிரெதிர்ப் பக்கம் விழுந்த நிழல்கள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பொருத்துவதுதான் கஷ்டம், பொறுமை வேண்டும்.

நிறம் சிவந்திருந்தது. அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் ஆல்பத்துக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் சயான் (நீலப்பச்சை) சாயம் மற்றவற்றுக்கு முந்தி மங்குவது உண்டு. அப்போது மிச்சமிருப்பது சிவப்பாகத் தெரியும். சுவரில் வெளிச்சத்தில் தொங்கியவற்றில் பெரும்பாலும் மெஜந்தாதான் (ஊதா கலந்த சிவப்பு) முதலில் போகும். இங்கே ஆல்பத்தில் இருந்த படம் என்பதால் சிவப்பு. மூன்று வண்ண அடுக்குகளையும் தனித்தனியே சரிசெய்து, புடவையின் நிறத்தை மட்டும் மகளின் அப்பாவான பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன். மகள் பச்சை என்றார், அவர் நீலம் என்றார். அவர் சொன்னதை வைத்துக்கொண்டபோது தோலின் நிறமும் இயல்பாக வந்து உட்கார்ந்தது.

அளவை 14-க்கு 10 ஆகக் குறைத்தோம், ஓரத்துக்கு ஒற்றைப் பழுப்பு நிறம். இந்தப் படத்துக்குக் கேன்வாஸ் நல்ல தேர்வு. கூட்டப் படத்தில் எதிரியாக இருந்த அதே நெசவு, இங்கே பழைய படத்தின் மென்மையையும் மிச்சமிருந்த புள்ளிகளையும் மறைத்தது. கூர்மை இல்லாதது குறையாகவே தெரியவில்லை.

துணி, மை, சட்டம்

கேன்வாஸ் முழுப் பருத்தியாகவும் வரும், பாலியெஸ்டராகவும் வரும், இரண்டும் கலந்தும் வரும். மேலே மை உறிஞ்சும் பூச்சு இருக்கும். வெண்மையைத் தூக்கிக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருள் சேர்த்த துணி புதிதில் கண்ணைப் பறிக்கும், காலப்போக்கில் அந்த ஒளிர்வு குறைந்து மஞ்சள் தட்டும். வெகுகாலம் இருக்க வேண்டிய படத்துக்கு அது இல்லாத துணியைக் கேட்பது நல்லது.

மை பற்றி ஒரு சின்ன வரலாறு. ஃபோட்டோவைக் கலைப்படைப்புத் தரத்தில் மையைத் துளித் துளியாகத் தெளிக்கும் இங்க்ஜெட்டில் அச்சடிப்பதை 1990களின் தொடக்கத்தில் பிரபலப்படுத்தியவர்களில் இசைக்கலைஞர் கிரஹாம் நாஷும் ஒருவர். அச்சகங்களில் மாதிரி பார்ப்பதற்கென்று இருந்த ஐரிஸ் 3047 இயந்திரத்தைத் தன் நாஷ் எடிஷன்ஸ் கூடத்தில் இதற்காக மாற்றிப் பயன்படுத்தினார். படங்கள் அற்புதமாக வந்தன. ஆனால் அந்தக் காலத்து மைகள் வெளிச்சத்தில் சில ஆண்டுகளிலேயே மங்கின. அந்தச் சாய மைகளை விட்டு, நிறம் கரையாமல் நுண்துகள்களாக இருக்கும் நிறமி மைகளின் பக்கம் இந்தத் தொழில் நகர்ந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். இன்றும் ஆர்டர் கொடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சாய மையா நிறமி மையா என்பதுதான். இரண்டாவது, மேலே வார்னிஷ் அடிப்பார்களா என்பது. கேன்வாஸுக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. தூசி, ஈரம், விரல் எல்லாம் நேராக மையைத் தொடும். வார்னிஷ் அதற்குக் காப்பு, கறுப்பையும் கொஞ்சம் ஆழமாக்கும். ஆனால் நன்றாகக் காயாமல் இழுத்துக் கட்டினால் மூலை மடிப்பில் வெடிக்கும். முதலில் வந்த கடற்கரைக் கேன்வாஸில் ஒரு மூலையில் அப்படி வெடித்த வெள்ளைக் கோடு தெரிந்தது.

சட்டம் விஷயத்தில் மூலைகளை விரிக்கக்கூடிய வகையைக் கேட்டு வாங்கினோம். பின்பக்க மூலைகளில் சின்ன மர ஆப்புகள் இருக்கும். 48 அங்குல அகலத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கட்டாயம். இல்லாவிட்டால் துணி இழுக்கும் இழுப்பில் சட்டம் உள்பக்கமாக வளையும்.

மாட்டியதும் அதற்குப் பின்னும்

படத்தின் நடு, தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்குச் சரியாக இருக்கும். சோஃபாவின் முதுகு 34 அங்குலம், அதற்கு மேல் 7 அங்குலம் இடைவெளி, அங்கிருந்து படத்தின் பாதி உயரம் 18. கூட்டினால் 59. இந்தக் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருவது அபூர்வம், வந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. நேரடி வெயில் அந்தச் சுவரில் படுவதில்லை. இரண்டு கொக்கிகளில் மாட்டினோம், கீழ் மூலைகளில் சுவரோடு ஒட்டாதபடி ரப்பர்ப் பொட்டுகள்.

அம்மாவின் படத்தைப் பெரியவர் தன் கட்டிலுக்கு எதிரே கேட்டார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. கையை வைத்துப் பார்த்தாலே சில்லென்று இருந்தது. ஈரச் சுவரில் கேன்வாஸின் பின்பக்கம் பூசணம் பிடிக்கும், துணி தளரும். அவருக்குச் சம்மதம் இல்லாமல்தான் பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம். கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதும் சமாதானமானார்.

மழைக்காலத்தில் பெரிய கேன்வாஸ் தொய்ந்துவிட்டது என்று அழைத்தார்கள். பருத்தி கலந்த துணியில் காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது இது நடப்பதுதான். பின்பக்க ஆப்புகளைச் சுற்றி வந்து மெல்ல ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னேன், ஒரே மூலையில் ஓங்கி அடிக்காமல். இறுகிவிட்டது. முதலில் வாங்கிய கேன்வாஸில் சட்டம் நிரந்தரமாக ஒட்டியிருந்தது. அது தொய்ந்திருந்தால் ஸ்டேப்பிளைப் பிடுங்கித் திரும்ப இழுத்துக் கட்ட வேண்டியிருந்திருக்கும். துடைப்பதற்கு உலர்ந்த மென்மையான துணி மட்டும் போதும், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன்.

இப்போது நான்காவதாக ஒரு படம் கேட்டு வந்திருக்கிறார்கள். குழந்தை முதன்முதலில் நடந்த வீடியோவிலிருந்து ஒரு காட்சி, 1920-க்கு 1080 பிக்சல். ஓடும் வீடியோவில் நிறுத்தி எடுத்தது என்பதால் கையில் அசைவு மங்கலும் இருக்கிறது. 20 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், கேன்வாஸ்தான் சரி, பாதம் கீழ் விளிம்பில் இருப்பதால் ஒற்றை நிற ஓரம் என்று சொல்லியிருக்கிறேன். வீடியோவில் அந்த நொடிக்கு முன்னும் பின்னும் உள்ள காட்சிகளையும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அதில் ஏதாவது ஒன்று இதைவிடக் கூர்மையாக இருக்கலாம்.